லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் எழுதுகிறேன்: 13ஆம் பிரிவை எடுக்கலாமா?

வேலாயுதம் (டர்பன்)

என்னிடம் 9 எம்எம் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், தற்காப்புக்கு என்று லைசன்ஸ் எடுத்தது. இங்கே துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிதான். ஒன்று, எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்பவர்கள். இன்னொன்று, அமெரிக்க யூடியூப் பார்த்துவிட்டு இது என் பிறப்புரிமை என்பவர்கள். இரண்டுமே நம் ஊர்ப் பேச்சு இல்லை. வைத்திருப்பவன் இதை எப்படிப் பார்க்கிறான் என்று எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு மறுங்கள்.

முதலில் உரிமை விஷயம். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை என்று ஒன்று கிடையாது. வேட்டைக்காரர் சங்கம் தொடுத்த வழக்கில் 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது: துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் கொடுக்கிற சலுகை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கையில் அது இருக்கலாமா கூடாதா என்று கேட்க எனக்கும் பாத்தியதை வேண்டும் அல்லவா? அதே கேள்வியை அவன் என்னைப் பார்த்துக் கேட்பதும் நியாயம்தான்.

லைசன்ஸ் எப்படிக் கிடைக்கிறது என்று பலருக்குத் தெரியாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் தகுதிச் சான்றிதழ். அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் சட்டத் தேர்வு எழுத வேண்டும், ரேஞ்சில் சுட்டுக் காட்ட வேண்டும். கைரேகை எடுப்பார்கள், குற்றப் பதிவு பார்ப்பார்கள். அப்புறம்தான் துப்பாக்கிக்கான மனு. இது எதற்கு வேண்டும், வேறு வழியில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏன் முடியாது என்று காரணம் எழுதித் தர வேண்டும். விதிப்படியான இரும்புப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும். 13ஆம் பிரிவில் ஒருவருக்கு ஒரு துப்பாக்கிதான், அதுவும் ஐந்து வருடம்தான் செல்லும். முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க மனு போட்டுவிட வேண்டும். வெளியே கொண்டுபோனால் ஹோல்ஸ்டரில், முழுக்க மறைத்து, என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். குடித்துவிட்டுக் கையாண்டால் குற்றம். அஜாக்கிரதையால் களவு கொடுத்தால் அதுவும் குற்றம்.

இத்தனை கெடுபிடியும் வேண்டும் என்கிறவன்தான் நான். இன்னும் கூட இறுக்கலாம். ஆனால் 2021 மே மாதம் வெளியிட்ட திருத்த மசோதா இறுக்கவில்லை, தற்காப்பு என்ற காரணத்தையே அடித்துவிட்டது. உன் உயிரைக் காப்பாற்ற என்று சொல்லி இனி லைசன்ஸ் கேட்க முடியாது என்றது. எதிர்ப்பு எக்கச்சக்கமாகக் கிளம்பியது, அந்த மசோதா அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை, அடிக்கடி தலைகாட்டுகிறது.

மசோதா வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஜூலைக் கலவரம் வந்தது. மூயி ரிவர் பக்கம் லாரிகள் எரிந்தன, என்3 நெடுஞ்சாலை மூடியது. கடைகள் சூறையாடப்பட்டன, ரொட்டிக்கும் பாலுக்கும் விடியுமுன் வரிசை. போலீஸ் தன் கடமையைச் செய்யவில்லை என்று, ஜனாதிபதி அமைத்த நிபுணர் குழுவே 2022 பிப்ரவரியில் எழுதி வைத்திருக்கிறது. இப்படி ஒரு வாரத்தைக் கண்ட பிறகும், ‘காவல் எங்கள் வேலை, நீ ஆயுதத்தைக் கொடு’ என்று எந்த முகத்தோடு கேட்பது?

என் கட்சி இதுதான். 13ஆம் பிரிவு இருக்கட்டும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் லைசன்ஸ் வைத்திருப்பவர்கள்தான் கடுமையான விதிகளை முதல் ஆளாகக் கேட்க வேண்டும்.

கோயம்புத்தூரான் (ஜோபர்க்)

அண்ணே, நான் வேலைக்காக இங்கே வந்தவன். வந்த புதிதில் மாலில் ஒரு கடை வாசலில் துப்பாக்கிப் படம் போட்டு, உள்ளே கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். கொண்டுவருகிறவர்கள் இருந்தால்தானே அப்படி எழுத வேண்டியிருக்கும்?

ஊரில் எங்கள் பெரியப்பா தோட்டத்துக்கு என்று ஒற்றைக்குழல் ஒன்று வைத்திருந்தார். அதுவும் 1959ஆம் வருடத்துச் சட்டப்படி, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசன்ஸ். தேர்தல் அறிவித்தால் போதும், துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். யாரும் முணுமுணுத்ததில்லை. 2019இல் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். அதற்கும் பெரிதாகச் சத்தம் இல்லை.

இங்கேதான் தெருவுக்குத் தெரு ஆயுதமேந்திய செக்யூரிட்டி கம்பெனி இருக்கிறதே. மாதக் கட்டணம் கட்டினால் பட்டனை அழுத்தியதும் வருகிறார்கள். அப்படியிருக்க வீட்டில் ஒன்று எதற்கு?

வேலாயுதம்

தம்பி, நல்ல கேள்வி. இந்த நாட்டில் பதிவு பெற்று வேலை பார்க்கும் தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல். போலீஸை விட அவர்கள் தலைதான் அதிகம். அவர்கள் துப்பாக்கிக்கு 20ஆம் பிரிவு. 13ஐ எடுத்தாலும் 20 இருக்கும். அப்போது என்ன ஆகும்? மாதக் கட்டணம் கட்ட முடிந்தவன் துப்பாக்கியை வாடகைக்கு வைத்துக்கொள்வான். உம்லாங்கா மலைமேல் பங்களாவில் இருப்பவருக்கு ஒரு குறையும் வராது. சாட்ஸ்வொர்த்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கிற பென்ஷன்காரருக்கு? இனாண்டாவில் தகரக் கூரைக்குக் கீழே கடை வைத்திருப்பவருக்கு? ஆயுதம் நாட்டை விட்டுப் போகாது, ஏழை வீட்டை விட்டு மட்டும் போகும். மசோதாவில் எனக்குப் பிடிக்காத பெரிய விஷயம் இதுதான்.

செக்யூரிட்டி வண்டி வரச் சில நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள். கேட்டைத் திறக்கக் காரை நிறுத்துகிற நேரம்தான் இங்கே ஆபத்தான நேரம். அங்கே எல்லாம் நொடிக் கணக்கு.

நைட் டியூட்டி

வேலாயுதம் அண்ணா, நான் ஒரு அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் நர்ஸ். நீங்கள் கேட்டைச் சொன்னீர்கள், நான் டிராலியைச் சொல்கிறேன்.

குண்டடிபட்டு வருகிறவரின் சட்டையைக் கழற்ற மாட்டோம், கத்தரியால் வெட்டி எடுப்போம். குண்டு நுழைந்த இடம் பெரும்பாலும் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், ரத்தம் கூட அதிகம் இருக்காது. அதைப் பார்த்து உறவுக்காரர்கள் நிம்மதி அடைவதைக் கண்டிருக்கிறேன். உடனே ஆளைப் புரட்டி முதுகு, அக்குள், தொடை இடுக்கு என்று தேடுவோம். வெளியேறிய ஓட்டை இல்லையென்றால் குண்டு உள்ளே எங்கேயோ நிற்கிறது. நெஞ்சில் குழாய் போட்டதும் பாட்டிலில் ரத்தம் ஏறும். ஒன்றரை லிட்டரைத் தொட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, சம்பள நாள் என்றால் டிராலி போதாது, நாற்காலியில் உட்கார வைத்தே பார்ப்போம். பிழைத்தவர்களில் எத்தனை பேர் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்று யாரும் செய்தியில் போடுவதில்லை.

2000ஆம் வருடத்துச் சட்டம் வேலை செய்தது, அண்ணா. கேப் டவுன், ஜோஹன்னஸ்பர்க், டர்பன், பிரிட்டோரியா, போர்ட் எலிசபெத் ஐந்து நகரங்களின் பிணவறைக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு 2014இல் வந்தது. 2001 முதல் 2005 வரை 4,500க்கும் மேற்பட்ட உயிர்கள் இந்தச் சட்டத்தால் தப்பின என்பது அதன் மதிப்பீடு. எண்ணிக்கை குறைந்தால் சாவு குறைகிறது. இதற்கு மேல் என்ன சொல்ல?

தற்காப்புக்கு என்று வாங்கியது யாரைச் சுடுகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2013 பிப்ரவரி 14, பிரிட்டோரியா. ஆஸ்கர் பிஸ்டோரியஸ் லைசன்ஸ் உள்ள 9 எம்எம்மால் கழிப்பறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். திருடன் என்று நினைத்தேன் என்றார். செத்தது ரீவா ஸ்டீன்காம்ப். 2015இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அது கொலை என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் வார்டுக்கு வருகிற பெண்களில் பலரைச் சுட்டவன் வெளியிலிருந்து வந்தவன் இல்லை.

கரும்புக்காடு (டொங்காட்)

நர்ஸ் அம்மா சொல்வது மனசைப் பிசைகிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் இடத்துக்கு வந்து பாருங்கள். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கே கரும்புக்குள் நெடுந்தூரம். ராத்திரி நாய் குரைத்தால் ரேடியோவில் பக்கத்துப் பண்ணையை எழுப்புவோம், அவரும் கிழவர்தான். போலீஸ் வண்டி வரும்போது விடிந்திருக்கும்.

வரலாற்றையும் யாரும் மறக்க வேண்டாம். 1949 டர்பன் கலவரத்தில், கேட்டோ மேனரில் நம் இந்தியச் சனம் அடிவாங்கியபோது கையில் என்ன இருந்தது? 1985இல் இனாண்டாவில்? காந்தி குடியிருப்பே எரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறு. என்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

மேரிபேங்க் அக்கா

கரும்புக்காடு தம்பி, 49ஐ இழுத்ததால் சொல்கிறேன். ஜனவரி 13ஆம் தேதி தொடங்கிய அந்தக் கலவரத்தில் செத்தவர்கள் 142 பேர். அதில் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. அந்த 87 பேர் எப்படிச் செத்தார்கள்? போலீசும் ராணுவமும் சுட்டதில் போன உயிர்கள் அதில் நிறைய. நம் வீடுகளில் இந்த இரண்டாவது கணக்கை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் ஆயாவையும் கைக்குழந்தையையும் தன் குடிசையில் பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது ஒரு ஜூலு அம்மா. ஆயா சாகும்வரை தைப்பூசத்துக்குப் பொங்கல் வைத்தால் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகும். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்தம்மா கதவைத் திறந்திருப்பாளா?

வேலாயுதம், உங்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஜூலை பற்றி எழுதினீர்கள். ரொட்டி வரிசையைச் சொன்னீர்கள், எரிந்த லாரியைச் சொன்னீர்கள். நம் இந்தியர்கள் அதிகம் இருக்கிற ஃபீனிக்ஸிலும் சுற்றிலும் செத்த 36 பேரைச் சொல்லவில்லையே? அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கறுப்பின மக்கள். வேலைக்குப் போனவர்கள், பெட்ரோல் தேடிப் போனவர்கள், சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்கள். மனித உரிமை ஆணையம் விசாரித்து 2024 ஜனவரியில் அறிக்கையே கொடுத்துவிட்டது. நிறத்தைப் பார்த்து மறித்தார்கள் என்று அதில் இருக்கிறது. உங்கள் 13ஆம் பிரிவுக்கும் அந்தச் சாவுகளுக்கும் சம்பந்தம் இல்லையா?

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 2021 வழக்குகளில் தொடர்புடைய தனிநபர்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம். ஒரு இனத்தையே திட்டும் பதிவுகளுக்கு இடமில்லை. மற்றபடி தொடருங்கள்.

வேலாயுதம்

அக்கா, சம்பந்தம் இருக்கிறது. இதைப் பேசத்தான் இந்த இழையே தொடங்கினேன். நீங்கள் கேட்டது நல்லது.

அந்த வாரம் எங்கள் பகுதியில் தெருமுனைக்குத் தெருமுனை தடுப்பு. பழைய டயர், கடைத் தள்ளுவண்டி, யாரோ கொண்டுவந்து போட்ட சோபா. ஆரம்பத்தில் எல்லாரும் தெரிந்த முகங்கள்தான், டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் நாள் ராத்திரி தெரியாதவர்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இடுப்பில் பிஸ்டல், மேலே டீஷர்ட் கூட இழுத்துவிடவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று. கையில் பீர் பாட்டில். உங்கள் லைசன்ஸ் எங்கே என்று அவரைக் கேட்க அங்கே சட்டமும் இல்லை, ஆளும் இல்லை. எங்கள் தெருவில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, குடித்தவர் யாரானாலும் வீட்டுக்குப் போகட்டும், துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது, யார் காரையும் திறந்து பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொன்னோம். கேட்டுக்கொண்டார்கள். வேறு தெருக்களில் அப்படி நடக்கவில்லை.

36 சாவு தற்காப்பு அல்ல. வண்டியை மறித்து, டிக்கியைத் திறக்கச் சொல்லி, நிறத்தைப் பார்த்து முடிவெடுத்து, ஓடுகிறவன் முதுகில் சுடுவதற்கு 13ஆம் பிரிவில் ஓர் எழுத்து கூட இடம் தரவில்லை. லேடி ஃபிரேயில் பேக்கரிக்குள் புகுந்த திருடர்கள் ஓடும்போது கடைக்காரர்கள் சுட்டார்கள். அந்த வால்டர்ஸ் வழக்கில் 2002இலேயே அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது: தப்பி ஓடுகிறான் என்பதற்காக, உயிருக்கு ஆபத்து இல்லாத இடத்தில், ஓர் ஆளைக் கொல்ல முடியாது. லைசன்ஸுக்குத் தேர்வு எழுதிய ஒவ்வொருவரும் இதைப் படித்துத்தான் பாஸ் செய்தோம். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நம்மவர்களைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று சிலர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கேயே பதில். அந்த வாரம் ஆயுதத்தைத் தப்பாக எடுத்தவன் என்னுடைய லைசன்ஸுக்கும் சேர்த்துத்தான் குழி பறித்தான். 13ஐ எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு அவனைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். துப்பாக்கிச் சங்கங்கள் மசோதாவுக்கு எதிராக மனு மேல் மனு போட்டன, நானும் போட்டேன். ஆனால் அந்த 36 பேரைப் பற்றிய பேச்சு வந்தால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வதைத்தான் நான் நேரில் பார்க்கிறேன். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

கரும்புக்காடு அண்ணே, பண்ணையில் உங்களுக்கு அது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 49க்குப் பழி தீர்க்கிற மாதிரி பேசினால் அது வேறு பேச்சு. அந்த மனசோடு விண்ணப்பம் எழுதினால் நானே மறுப்பேன்.

கரும்புக்காடு

பழி என்று நான் சொல்லவில்லை தம்பி. பயம் என்று சொல்லு. அப்பா காலத்திலிருந்து வருகிற பயம் அது.

மேரிபேங்க் அக்கா

பயம் என்றால் புரிகிறது. எனக்கும் உண்டு.

லெனேசியா தம்பி

ஒரு நடைமுறைச் சந்தேகம். அப்பாவின் ரிவால்வர் லைசன்ஸ் காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பெட்டியிலேயே கிடக்கிறது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் கைது செய்வார்களோ என்று அப்பாவுக்குப் பயம். இன்னொன்று, எனக்கே ஒன்று வாங்கலாமா என்று யோசனை. நண்பன் ஒருவன், இத்தனை பேப்பர் எதற்கு, இரண்டே நாளில் ஒன்று ஏற்பாடு செய்கிறேன் என்கிறான்.

சட்டப்புள்ளி

தம்பி, நான் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறவன், ஆனால் இது சட்ட ஆலோசனை இல்லை. வேலாயுதம் அண்ணன் சொன்ன 2018 தீர்ப்பே இந்த விஷயத்தில்தான். காலாவதியான பிறகு வைத்திருப்பது குற்றம் என்ற பிரிவு செல்லும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அதனால் பெட்டியில் கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 2019 டிசம்பர் முதல் 2020 மே வரை ஒரு பொதுமன்னிப்பு இருந்தது. கொரோனா வந்து இடையில் கெடுத்ததால் 2020 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை இன்னொன்று. அப்போது ஒப்படைத்தவர்கள் மறுபடி லைசன்ஸுக்கும் மனு போட முடிந்தது. இப்போது என்ன வழி என்று முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், அவர் மூலமாகவே ஸ்டேஷனை அணுகுங்கள். துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு நீங்களாகக் கிளம்ப வேண்டாம்.

வேலாயுதம்

லெனேசியா தம்பி, அந்த நண்பனிடமிருந்து எட்ட நில். அவன் தருகிற துப்பாக்கியால் ஏற்கெனவே யாரைக் கொன்றார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் கையில் பிடிபட்டால் அந்தக் கொலையும் உன் தலையில் விடியும்.

சொந்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். ஒரு ரேஞ்சுக்குப் போய்ப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார். முதல் வெடி கையை மேலே தூக்கி அடிக்கும், காதுக்கவசத்தையும் மீறி நெஞ்சுக்கூட்டில் அதிரும். பயிற்சியாளர் சுடுவதை விட இறக்குவதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுப்பார். மேகசினை முதலில் எடு, ஸ்லைடைப் பின்னால் இழு, சேம்பருக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டும் பார். வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்த பிறகு மேகசினை எடுத்தால், உள்ளே ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். காலியாகிவிட்டது என்று நினைத்துச் சுத்தம் செய்யப்போய்ச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இந்த வேலையை அலுக்காமல், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் செய்யப் பொறுமை இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நல்ல நாய் வளர்ப்பது மேல்.

இன்னொன்று, அது கூட இருந்தால் வாழ்க்கை மாறும். ஒரு கல்யாணத்தில் ஒரு கிளாஸ் எடுக்க முடியாது. காவடித் திருவிழாவுக்கு வேட்டி கட்டினால் ஹோல்ஸ்டர் கட்ட முடியாது, கூட்டத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது, அதனால் அன்றைக்கு அது பெட்டியில்தான். ரோட்டில் எவன் வந்து உரசினாலும், கெட்ட வார்த்தை சொன்னாலும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கையில் துப்பாக்கி உள்ளவனுக்குச் சண்டை போடுகிற சுதந்திரம் கிடையாது.

நைட் டியூட்டி

அண்ணா, நீங்கள் எழுதுவது போல எல்லாரும் இருந்தால் எனக்கு வாதமே இல்லை. ஆனால் சட்டம் உங்களுக்காக மட்டும் எழுதப்படுவதில்லையே.

கள்ளத் துப்பாக்கி, லைசன்ஸ் துப்பாக்கி என்று இரண்டு சாதியாகப் பேசுகிறீர்கள். மொசாம்பிக் போரின்போது எல்லை தாண்டி வந்தவை போக, இங்கே கேங்க் கையில் இருக்கிற கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் லைசன்ஸில் இருந்தவைதான். வீட்டில் களவு போனது, கேட்டில் பிடுங்கியது, போலீஸிடமிருந்தே போனது. பொதுமக்களிடமிருந்து காணாமல் போகிறவை மட்டும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில். துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தே அதற்காக வீடு புகுகிறார்கள், போலீஸ்காரரைக் கொல்கிறார்கள். உங்கள் பெட்டி எத்தனை கனமாக இருந்தாலும், பிள்ளை கழுத்தில் கத்தி வைத்துச் சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். யாரும் கொடுப்பார்கள். அப்புறம் அது என் டிராலிக்குத்தான் வந்து சேரும்.

சட்டப்புள்ளி

இதில் போலீஸ் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ்லூ என்ற போலீஸ் கர்னல் வழக்கு ஞாபகம் இருக்கும். அழிப்பதற்கு என்று போலீஸ் காவலில் இருந்த துப்பாக்கிகளை, மக்கள் நம்பி ஒப்படைத்தவை உட்பட, எண்களை அழித்துக் கேப் டவுன் கேங்குகளுக்கு விற்றார். ஏறக்குறைய 2,000 துப்பாக்கி. 2016இல் 18 வருடச் சிறைத் தண்டனை. அந்தத் துப்பாக்கிகளோடு தொடர்புபடுத்தப்பட்ட கொலைகள் ஆயிரத்துக்கும் மேல், செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. 2011-12இல் நாட்டில் கொலை எண்ணிக்கை பதினைந்தாயிரத்துச் சொச்சமாக இறங்கியிருந்தது. 2022-23இல் 27,494. சட்டம் அதே 2000ஆம் வருடத்துச் சட்டம்தான், மாறவில்லை. பதிவேடும் கிடங்கும் கெட்டுப்போனதற்கும் இந்த ஏற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

வேலாயுதம்

சட்டப்புள்ளி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். நர்ஸ் அம்மா காட்டிய ஆய்வை நான் மறுக்கவில்லை. அந்த வருடங்களில் தற்காப்பு லைசன்ஸ் இருந்தது, அதோடுதான் சாவு குறைந்தது என்பதையும் கவனியுங்கள். சட்டத்தை ஒழுங்காக அமல் செய்தபோது பலன் வந்தது. அமல் தளர்ந்தபோது போயிற்று. அப்படியானால் மருந்தை மாற்றுவதற்கு முன்னால், எழுதிக்கொடுத்த மருந்தைச் சரியாகக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கழுத்தில் கத்தி வைத்தால் சாவியைக் கொடுப்பேன் என்றது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எடுத்த லைசன்ஸுக்கு அந்த ஆபத்தும் கூடவே வருகிறது, அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். நானும் என் மனைவியும் இதைப் பற்றிப் பேசித்தான் முடிவு செய்தோம். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

நாடாளுமன்றத்தின் காவல்துறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியதாக ஒன்றும் இல்லை. தற்காப்புப் பிரிவு இருக்கட்டும், ஆனால் முதல் மனுவிலும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் துணைவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். கனடாவில் மனுவிலேயே இப்போதைய, முன்னாள் துணைவர் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடாவிட்டால் அவருக்கு அரசு தகவல் அனுப்புகிறது. இங்கே வீட்டு வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் துப்பாக்கியைக் கைப்பற்ற உத்தரவிட முடியும், 1998ஆம் வருடத்துச் சட்டத்திலேயே அந்த அதிகாரம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு வருகிற பெண்ணிடம் ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்ற கேள்வியை யாரும் விடாமல் கேட்க வேண்டும். மசோதாவில் ஒவ்வொரு துப்பாக்கியின் குண்டுத் தடத்தையும், அதாவது சுட்ட குண்டில் அது விடுகிற அடையாளத்தையும், பதிவு செய்யலாம் என்று ஒரு யோசனை இருந்தது. துப்பாக்கிக்காரர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். நான் ஆதரிக்கிறேன், என் துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அதே பதிவைப் போலீஸ் துப்பாக்கிக்கும் செக்யூரிட்டி கம்பெனித் துப்பாக்கிக்கும் செய்ய வேண்டும், எத்தனை காணாமல் போனது என்று ஸ்டேஷன் வாரியாக வெளியிட வேண்டும். கலவரக் காலத்தில் தடுப்பு வேலியில் ஆயுதத்தோடு நின்று யாரையும் மறித்தவர் என்று நிரூபணமானால் ஆயுளுக்கும் லைசன்ஸ் கிடையாது என்றும் எழுதியிருக்கிறேன்.

மத்தியத் துப்பாக்கிப் பதிவகம் காகிதக் கட்டுகளை விட்டுக் கம்ப்யூட்டருக்கு முழுசாக மாற வேண்டும் என்பது கடைசி வரி. மனு மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால், ஒழுங்காகப் புதுப்பிக்க நினைக்கிறவன் கூடக் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

சேர்ந்து கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் தனிமடலில் சொல்லுங்கள்.

கரும்புக்காடு

குண்டுத் தடப் பதிவு எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பதிவும் பிரின்ஸ்லூ மாதிரி ஆள் கையில்தானே போய்ச் சேரும்? மனைவியைக் கேட்பது சரி. எங்கள் வீட்டில் அவளும் சுடுவாள். இந்த நிலையில் நான் கையெழுத்துப் போடவில்லை, கடிதத்தை அனுப்பு, படிக்கிறேன்.

மேரிபேங்க் அக்கா

தடுப்பு வேலி வரிக்காக நான் போடுகிறேன். 36 பேர் என்ற எண் கடிதத்தில் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் இல்லை, முதல் பத்தியில்.

வேலாயுதம்

முதல் பத்தியிலேயே போட்டுவிடுகிறேன் அக்கா.

நைட் டியூட்டி

13ஆம் பிரிவு இருக்கட்டும் என்ற வரிக்குக் கீழே என் பெயர் வராது அண்ணா, மன்னிக்கவும். துணைவரைக் கேட்பது, பாதுகாப்பு உத்தரவுக் கேள்வி, போலீஸ் கணக்கு இந்த மூன்றுக்கும் வரும். இந்த மூன்றையும் தனிக் கடிதமாகப் பிரித்து எழுத முடியுமா? எங்கள் வார்டில் இன்னும் சிலர் கையெழுத்துப் போடுவார்கள்.

வேலாயுதம்

முடியும். இரண்டு கடிதமாகப் பிரித்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். மருத்துவமனைப் பகுதியை நீங்களே எழுதித் தாருங்கள். டிராலி பற்றி இங்கே எழுதியதை அப்படியே வைத்தாலும் போதும்.